மெருகின் நிறம்

கண்ணாடிப் பேழைக்குள் அந்தப் பெட்டி கிடக்கிறது. ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம். இரண்டு முனையும் உருண்டு, ஆறு தேய்த்த கூழாங்கல்போல் வழவழப்பாக இருக்கிறது. மேல்புறத்தில் ஒரு ரோஜா முழுதாக விரிந்திருக்கிறது. அதன் அடியில் இரண்டு மொட்டுகள், ஓரத்தில் வாதுமைப் பூ, வளைந்த கிளையின் நுனியில் சிறு பறவை ஒன்று. பறவையின் அலகு சற்றே திறந்திருக்கிறது. இதழ் ஒவ்வொன்றிலும் நரம்பு தெரிகிறது. இத்தனையும் ஒரே பொன்மஞ்சள் ஒளியில் மூழ்கியிருக்கின்றன. மாலை வெயில் ஒரு தோட்டத்தின்மேல் விழுந்து, போக மனமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது போல.

அந்த ஒளிதான் நம்மை நிறுத்துகிறது. ஓவியர் மாலைப் பொழுதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. ஆனால் அவர் தீட்டியது பகல். அன்று இலை பச்சையாக இருந்தது. வாதுமைப் பூ வெள்ளையாக இருந்தது. அந்த மாலையைக் கொண்டுவந்தது ஓவியத்தைக் காப்பதற்காக மேலே பூசிய மெருகெண்ணெய். இருநூறு ஆண்டுகளில் அது மெல்லப் பழுத்தது. தான் காத்த பூவைத் தன் நிறத்துக்கே மாற்றிக்கொண்டது. பேழையை விட்டு நகர்ந்த பிறகும் இந்தச் சிறிய உண்மை நம்மோடு கூடவே வருகிறது.

ஈரானில் இந்தப் பெட்டிக்குக் கலம்தான் என்று பெயர். நம் செவிக்குக் கலம் என்றால் பாத்திரம், அல்லது கடலோடும் மரக்கலம். பாரசீகத்தில் அது நாணலில் சீவிய எழுதுகோல். 'தான்' என்றால் வைக்கும் இடம். வெளி உறையிலிருந்து உள்தட்டை உருவினால் எழுத்தரின் உலகம் முழுவதும் வெளியே வரும்: தெஸ்புல் பகுதியில் விளைந்த செந்நாணல் கோல்கள், சீவுவதற்குச் சிறு கத்தி, நுனியை வைத்து நறுக்க எலும்பாலோ கொம்பாலோ ஆன பட்டை, ஒரு முனையில் மைக்கூடு. மைக்கூட்டுக்குள் பட்டுநூல் திரள் ஒன்று இருக்கும். மையை அது உறிஞ்சி வைத்துக்கொள்ளும். கோல் தொடும்போது வேண்டிய அளவே கொடுக்கும். எழுத்தர் பெட்டியை இடுப்புக் கச்சையில் செருகிக்கொண்டு நடந்தார். கணக்கும், காதலும், மரண தண்டனையும் இந்த ஒரு சாண் பெட்டியிலிருந்துதான் புறப்பட்டன.

இவ்வளவு சிறிய கருவிப்பெட்டிக்கு ஏன் இவ்வளவு பெரிய அலங்காரம் என்ற கேள்வி அந்த ஊரில் எழுந்திருக்காது. திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயத்துக்கே எழுதுகோல் என்றுதான் பெயர். அந்த மரபில் கோல் புனிதமானது. அது உறங்கும் இடமும் அழகாக இருந்தாக வேண்டும். நாம் ஒரு பொருளை எவ்வளவு மதிக்கிறோம் என்பது, அதைப் பயன்படுத்தாத நேரத்தில் எங்கே வைக்கிறோம் என்பதில்தான் தெரிகிறது.

பெட்டியின் உடம்பு என்ன? தொட்டுப் பார்க்க முடிந்தால் மரம் என்போம். அது காகிதம். இந்தச் சொல்லே பாரசீகத்துக் 'காகஸ்' உடன் உறவுடையது. நம் கடைகளில் கணக்கெழுதிய குமாஸ்தாவும் அந்த மொழியிலிருந்து வந்தவர். ஆற்காட்டு நவாபுகளின் அவை பாரசீகத்தில் எழுதியது. வாலாஜா முகம்மது அலியின் வரலாற்றை அவருடைய அவைக்களத்தில் பாரசீகத்தில்தான் இயற்றினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியும் 1837 வரை தன் அலுவல்களில் அந்த மொழியை வைத்துக்கொண்டிருந்தது. ஆகவே இந்தப் பெட்டி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. அதிலிருந்து புறப்பட்ட சொற்கள் சில இன்னும் நம் நாவில் இருக்கின்றன.

மரத்தில் செதுக்கிய அச்சின்மேல் ஒரு தாளை ஒட்டுவார்கள். காயவிடுவார்கள். அதன்மேல் இன்னொன்று. மறுபடியும் காயவிடுவார்கள். தனித்தாள் ஒரு காற்றுக்குத் தாங்காது. ஒரு துளி நீருக்குத் தாங்காது. அதே தாள் அடுக்கடுக்காக ஒட்டிக் காய்ந்த பிறகு தட்டினால் ஒலிக்கும் பலகையாகிவிடுகிறது. பசை மட்டும் செய்த வேலையில்லை இது. இடையிடையே காத்திருந்த நேரமும் செய்தது. ஈரம் உலரும் முன் அடுத்த தாளை ஒட்டினால் உள்ளே சிக்கிய ஈரம் ஒருநாள் உப்பி மேலே வரும். கைவினைஞருக்கு இது பாடமாகத் தெரிந்ததில்லை, கெட்டுப்போன பெட்டிகளின் வழியாகத் தெரிந்தது.

பிறகு வெண்சுண்ணப் பூச்சு. அதை வழுவழுப்பாகத் தேய்த்த பின், அணில் வால் மயிர் கட்டிய தூரிகையால் ஓவியம். நீரில் குழைத்த வண்ணம் அது. ஈரமான விரல் ஒன்று பட்டால் போதும், ரோஜா கலைந்துவிடும். ஆனால் இந்தப் பெட்டியோ நாள்தோறும் கையில் எடுப்பதற்காகச் செய்தது. இடுப்பின் வியர்வை படும், மை தெறிக்கும், மழையும் படும். சுவரோவியத்தை யாரும் தொடுவதில்லை. சுவடியோவியம் இரண்டு அட்டைகளுக்கு நடுவே பத்திரமாக இருக்கிறது. இந்த ஓவியம் மட்டும் கைக்குள் வாழ வேண்டும். அதனால் அதற்கு ஒரு தோல் தேவைப்பட்டது.

அந்தத் தோல்தான் மெருகெண்ணெய். உலகம் இந்தப் பெட்டிகளை லாக்கர் என்று அழைக்கிறது. அந்தச் சொல்லின் வேர் லாக்ஷா, அதாவது நம் அரக்கு. ஆனால் பெட்டியின்மேல் பூச்சி தரும் அரக்கும் இல்லை. சீனத்திலும் ஜப்பானிலும் ஒருவகை மரத்தைக் கீறி எடுக்கும் பாலும் இல்லை. சண்டராஸ் என்ற மரப்பிசினை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சி எடுத்த தெளிந்த வார்னிஷ் அது. ஈரானை ஆண்ட சஃபாவி அரசவையின் ஓவியர் சாதிக்கி பேக் செய்யுளாகவே எழுதிய ஓவிய நூலில் மெருகெண்ணெய் காய்ச்சும் முறையையும் சேர்த்திருக்கிறார். அந்த எண்ணெய்க்குப் பாரசீகர்கள் வைத்த பெயர் ரோகன்-எ-கமான். 'வில்லின் எண்ணெய்' என்று பொருள். கொம்பும் தசைநாரும் மரமும் சேர்த்து ஒட்டிய போர்விற்களை ஈரத்திலிருந்து காப்பதற்குப் பூசிய எண்ணெய் அது. பிறகு 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஹெராத் நகரில் சுல்தான் ஹுசைன் பாய்கராவின் நூலகத்தில் அது நூல்களின் அட்டைக்கு வந்தது. அங்கிருந்து எழுதுகோல் பெட்டிக்கும், கண்ணாடி உறைக்கும், நகைப்பேழைக்கும் போயிற்று. அம்பு எய்யும் கருவிக்குப் பிறந்த காப்பு, ரோஜாவின்மேல் படர்ந்தது. காப்பு எதைக் காக்கிறோம் என்று கேட்பதில்லை. பூசும் கைதான் கேட்க வேண்டும்.

பூசும் கை கேட்டிருக்கிறது. எனக்கு இந்தப் பெட்டிகளின் மேல் இருக்கும் அன்பு முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பூச்சு, காய்தல், மறுபடியும் ஒரு பூச்சு. ஈரமாக இருக்கும்போது தூசு ஒட்டாமல் காவல். வண்ணத்தின்மேல் வார்னிஷ், அதன்மேல் பொன்கோடு, பொன்கோட்டின்மேல் இன்னும் ஒரு வார்னிஷ். அதனால்தான் இந்த ரோஜா மேற்பரப்பில் இருப்பதாகத் தோன்றுவதில்லை. தெளிந்த குளத்தின் அடியில் கிடக்கும் காசைப் பார்ப்பதுபோல் அதைப் பார்க்கிறோம். விரல் தடவுவது மெருகை. கண் காண்பது பூவை. அன்று அந்த மெருகு கண்ணுக்கே தெரிந்திருக்காது. நல்ல காப்பின் இலக்கணம் அதுதானே: தான் இருப்பது தெரியாமல் இருப்பது.

ஆனால் காலம் அதைத் தெரியவைக்கிறது. ஆளிவிதை எண்ணெயும் பிசினும் காற்றோடு கலந்து ஆண்டுக்காண்டு மஞ்சளாகின்றன. வெள்ளை தந்தமாகிறது. நீலம் பச்சையின் பக்கம் சாய்கிறது. பச்சை பழுப்பாகிறது. சிவப்பு மட்டும் முன்னைவிட ஆழமாகிறது. இதில் இன்னொரு துயரமும் உண்டு. எண்ணெயில் தீட்டுவோருக்கு அது தெரியும்: ஆளிவிதை எண்ணெய் வெளிச்சத்தில் இருப்பதைவிட இருட்டில்தான் கூடுதலாக மஞ்சளிக்கும். வெளிச்சத்தில் வைத்தால் வண்ணங்கள் சில வெளிறும். இருட்டில் பூட்டினால் காப்பு பழுக்கும். எந்தப் பக்கம் வைத்தாலும் ஓவியர் தீட்டிய அந்தப் பகல் திரும்பி வருவதில்லை.

மெருகைக் கழுவி எடுத்துவிட முடியாதா? மேலை நாட்டுக் கித்தான் ஓவியங்கள் சிலவற்றில் பழுத்த வார்னிஷைக் கரைத்து எடுத்து, அடியில் கிடந்த நீல வானத்தை மீட்டிருக்கிறார்கள். இங்கே அது பெரும் ஆபத்து. வண்ணமும் மெருகும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. பொன்கோடு இரண்டு மெருகுகளுக்கு நடுவே மிதக்கிறது. மெருகைக் கரைக்கும் திரவம் பொன்னையும் கொண்டுபோய்விடலாம். நீரில் குழைத்த அந்த மெல்லிய இதழையும் கொண்டுபோய்விடலாம். காப்பு எங்கே முடிகிறது, பூ எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க யாராலும் இயலாது. ஆகவே அறிந்தவர்கள் கையை விலக்கிக்கொள்கிறார்கள். ஒன்று, பழுத்த மாலையோடு ரோஜாவை ஏற்க வேண்டும். இல்லையேல் ரோஜாவையே இழக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெட்டியை மறந்து நம் வீடுகளை நினைக்கிறோம். தாத்தாவைப் பற்றி நமக்குச் சொன்ன கதைகள், அவரை மறக்காமல் காப்பதற்காகச் சொன்னவை. பாட்டி ஒரு பூச்சு. அப்பா ஒரு பூச்சு. அத்தை ஒரு பூச்சு. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கதை காய்ந்து கெட்டிப்பட்டது. இன்று நாம் அறிந்த தாத்தா கோபமே அறியாதவர், அல்லது கோபம் மட்டுமே அறிந்தவர். அவர் ஒரு பகலில் வாழ்ந்தார். நமக்கு வந்து சேர்ந்தது அவருடைய மாலை. கதைகளை உரித்துவிட்டு அவரை மட்டும் தனியாகக் காண முடியுமா? உரித்தால் அவரும் இல்லை. நினைவு என்பது ஒரு கண்ணாடி என்று நம்பிப் பழகிவிட்டோம். அது ஒரு எண்ணெய். தன் வயதைத் தான் காப்பதன்மேல் ஏற்றும் எண்ணெய்.

பெட்டிக்குத் திரும்புவோம், ஏனென்றால் இத்தகைய பெட்டிகள் பிழைத்து வந்த வழியும் சாதாரணமானதன்று. 1722இல் ஆப்கானியப் படை இஸ்பஹானை முற்றுகையிட்டது. மாதக்கணக்கில் நீடித்த பட்டினிக்குப் பிறகு சஃபாவிகளின் தலைநகரம் வீழ்ந்தது. தொடர்ந்து நாதிர் ஷாவின் போர்கள். அவர் 1747இல் கொலையுண்ட பின் மீண்டும் குழப்பம். பிறகுதான் ஷிராஸில் கரீம் கான் ஸந்தின் ஆட்சியில் சற்று மூச்சு. இந்தக் கலங்கிய நூற்றாண்டில்தான் அலி அஷ்ரஃப் என்ற ஓவியர் பூக்களைத் தீட்டினார். கரிய பின்புலத்தில் ரோஜாவும் வாதுமைப் பூவும் நீலப் பூவும், தோட்டக்காரனின் கைபட்டதுபோல் அத்தனை தெளிவாக. ஊர் எரியும்போது பூ வரைவதா என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: எரிந்த ஊரில் சுவர்கள் விழுந்தன, சுவரோவியங்கள் விழுந்தன, இடுப்பில் செருகிக்கொண்டு ஓடக்கூடிய அளவில் இருந்த தோட்டம் ஒன்று மட்டும் ஆட்களோடு சேர்ந்து தப்பியது. அவர் அந்தக் கணக்கோடு தீட்டினாரா என்பது வேறு. பூ பிழைத்தது.

அந்தப் பூவோடு இருக்கும் பறவையைப் பற்றியும் ஒரு சொல். புல்புல் என்றால் நமக்குத் தோட்டத்துக் கொண்டைக்குருவி நினைவுக்கு வரும். பாரசீகத்துப் புல்புல் வேறு. பழுப்பு நிறத்தில், பார்ப்பதற்கு எந்தச் சிறப்பும் இல்லாத, இரவிலும் பாடும் பறவை. ரோஜா அசையாமல் இருக்கிறது, பறவை ஏங்குகிறது; சூஃபிகளுக்கு அது இறைவனும் உயிரும். ஆயிரம் பெட்டிகளில் ஆயிரம் முறை தீட்டிய இந்த இணையில், பறவை பெரும்பாலும் பூவைத் தொடுவதில்லை. நடுவே சிறிது வெளி இருக்கும். அந்த வெளியைத்தான் மெருகு நிரப்புகிறது.

ஓவியர்கள் தங்கள் பெயரை எழுதிய விதமும் இந்தப் பெட்டிகளுக்கே பொருத்தமானது. அலி அஷ்ரஃப் தன் பெயரைத் தனியே எழுதவில்லை. நபி முகம்மதுக்குப் பின் அலியே மேன்மையானவர் என்ற பொருளில் ஒரு தொடரை எழுதினார். 'அஷ்ரஃப்' என்றால் மிக மேன்மையானவர். படிப்பவர் அதைத் துதியாகப் படிக்கலாம். தெரிந்தவர் அதில் ஓவியரைக் கண்டுகொள்ளலாம். 19ஆம் நூற்றாண்டில் இஸ்பஹானின் நஜஃப் அலி, 'நஜஃபின் அரசே' என்று விளித்துக் கையொப்பமிட்டார். அலி அடங்கிய நகரம் நஜஃப். தான் தோன்றாமல் தோன்றும் கலை இது. இங்கே தொழுகை மேலே இருக்கிறது, பெயர் அதன் அடியில் தெரிகிறது. மெருகும் பூவும் போலவே. எதைப் பெரிதாக மதிக்கிறோமோ அதற்குள் நம் பெயரைப் பொதிந்துவைத்தால், அது நிற்கும்வரை நாமும் நிற்போம் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால் காப்பு எல்லோரையும் காக்கவில்லை. கஜார் அரசர்களின் காலத்தில் மணிகள் பதித்த கலம்தான் முதலமைச்சர் பதவிக்கே அடையாளம். நாட்டை ஆள்பவன் கையில் வாள் இருந்தது. ஆளச் செய்பவன் கையில் இந்தப் பெட்டி இருந்தது. 1834இல் முகம்மது ஷாவை அரியணைக்குக் கொண்டுவந்தவர் காயிம் மகாம் ஃபராஹானி. அமைச்சர், பாரசீக உரைநடையின் பூட்டுகளைத் திறந்து தெளிந்த நடை எழுதியவர். அவருடைய கடிதங்களை இன்றும் இலக்கியமாகப் படிக்கிறார்கள். மறு ஆண்டே அரசர் அவரைத் தெஹ்ரானின் நிகாரிஸ்தான் மாளிகையில் அடைத்தார். அவருக்குக் கோலும் தாளும் கொடுக்கக்கூடாது என்று கட்டளை என்பார்கள்; அவர் எழுதிய ஒரு வரி அரசர் கண்ணில் பட்டால் அரசரின் மனம் மாறிவிடும் என்ற அச்சம். அவருடைய இரத்தம் சிந்துவதில்லை என்று அரசர் முன்பு ஆணையிட்டிருந்ததால், மூச்சை அடைத்துக் கொன்றார்கள்.

எழுத்தின் வலிமைக்கு இதைவிடத் துல்லியமான சான்று வேண்டியதில்லை. அதன் கையறுநிலைக்கும் இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருந்தவரை அந்தக் கோல் ஒரு நாட்டை நடத்தியது. பெட்டியை எட்ட வைத்தபோது, எழுதத் தெரிந்த கை வெறும் கையாயிற்று.

அதே முகம்மது ஷா 1837இல் ஹெராத்தை முற்றுகையிட்டார். மறு ஆண்டு, நகரைப் பிடிக்காமலே திரும்பினார். 1865இல், அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, முகம்மது இஸ்மாயில் என்ற ஓவியர் ஒரு பெரிய பேழையின்மேல் அந்த முற்றுகையைத் தீட்டினார். அது இப்போது சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படைவீரர், குதிரை, பீரங்கி, கோட்டை. எண்ணி முடியாத சிறு உருவங்கள். கைகூடாத ஒரு படையெடுப்பு, மெருகின் அடியில் கம்பீரமாக நடந்துகொண்டேயிருக்கிறது. ரோஜாவுக்குப் பொன்னொளி கொடுத்த அதே எண்ணெய், அரசருக்கும் கொடுத்தது. எழுதுகோல் மறுக்கப்பட்ட அமைச்சரின் முகம் அந்தக் கூட்டத்தில் இருக்க வழியில்லை.

இங்கேதான் சிந்தனை சற்றுக் கனக்கிறது. காப்பது நல்லது என்று சொல்லி நிறுத்திவிட்டால் நாம் பாதியைத்தான் சொன்னவர்களாவோம். காக்கிறவர் தேர்ந்தெடுக்கிறார்; தேர்ந்தெடுத்ததன்மேல் ஒளி பூசுகிறார்; பூசியது காய்ந்து இறுகியபின், பூசியவர் எவர் என்பது மறந்து, ஒளி அந்தப் பொருளுக்கே சொந்தமானது என்று பின்வருவோர் நம்பத் தொடங்குகிறார்கள். ஒரு சமூகம் தன் பழமையைக் காப்பதும், ஒரு குடும்பம் தன் மூத்தோரைக் காப்பதும், ஒரு மனிதன் தன் இளமையின் ஒரு வேனிற்காலத்தை மனத்துக்குள் காப்பதும் இந்த வழியில்தான். ஒவ்வொன்றிலும் காப்பாற்றப்பட்டது உண்மையாகவே காப்பாற்றப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றிலும் அது காப்பாற்றியவரின் நிறத்தில்தான் இருக்கிறது, இரண்டையும் பிரித்து எடுத்து இது அவருடையது, இது நம்முடையது என்று தராசில் வைக்கும் உரிமை நமக்குக் கொடுக்கப்படவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? மெருகே வேண்டாம் என்று விட்டவர்களின் ரோஜா நம்மிடம் இல்லை. நீர்பட்டுக் கலைந்தது, எங்கே கலைந்தது என்றுகூடத் தெரியாமல் போயிற்று. மெருகுதான் பூ என்று எண்ணுவோர் மாலையை வணங்கிப் பகலை மறுக்கிறார்கள்; அவர்களிடம் பழமை ஒரு பிடிவாதமாகிறது. பேழையின் முன் நிற்கும் நமக்கு இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பார்வை சாத்தியமாகிறது: இந்தப் பொன்மஞ்சள் பூவினுடையதன்று என்று அறிவது, அது பூவுக்காக யாரோ ஒருவர் ஏற்றுக்கொண்ட முதுமை என்றும் அறிவது, அறிந்தபின், கண்ணால் மாலையைப் பார்த்துக்கொண்டே மனத்தால் அதன் அடியில் இருக்கும் பகலை ஊகித்து, அந்த ஊகத்தில் தவறலாம் என்ற பணிவையும் உடன் வைத்துக்கொண்டு, நமக்கு முன்னிருந்தோர் நமக்காகக் காத்துத் தந்த ஒவ்வொன்றையும் ஏற்றுக்கொள்வது. அன்பு என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி இப்படி ஏற்பதுதான் என்று வயது ஏற ஏற நம்பத் தோன்றுகிறது. நாம் நேசிக்கும் எவரையும் நாம் நேரே பார்ப்பதில்லை. அவர்மேல் நாம் இட்ட அக்கறையின் வழியாகவே பார்க்கிறோம், அந்த அக்கறையும் நம்மோடு சேர்ந்து மூப்படைகிறது.

நாணல் கோலின் இடத்துக்கு எஃகு முள் வந்தது. பின்னர் ஊற்றுப்பேனா வந்தது. தன் மையைத் தானே சுமக்கும் பேனாவுக்கு மைக்கூடும் தேவையில்லை, சீவும் கத்தியும் தேவையில்லை. 19ஆம் நூற்றாண்டின் முடிவில் கலம்தான்களின் காலமும் முடியத் தொடங்கியது. கருவி போனபின்னும் உறை தங்கியது, சொல்லும் தங்கியது. காஷ்மீரத்தில் காகிதக்கூழ்க் கைவினைக்கே ஒருகாலத்தில் 'கலம்தான் வேலை' என்றுதான் பெயர். இன்று அங்கே பூச்சாடி செய்கிறார்கள், கிண்ணம் செய்கிறார்கள், கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் உருண்டைகள் செய்கிறார்கள். அவற்றின்மேல் அதே ரோஜா, அதே பறவை. எழுதுகோல் மட்டும் இல்லை.

அருங்காட்சியகங்களில் இந்தப் பெட்டிகளை மூடியே வைப்பார்கள். சில இடங்களில் மட்டும், பார்வையாளருக்காக, உள்தட்டைப் பாதி உருவி வைத்திருப்பார்கள். அதன் பக்கவாட்டில் சிவப்பின்மேல் பொன்னால் மெல்லிய கொடி ஓடும். உறைக்குள் போனால் யார் கண்ணிலும் படாத இடத்திலும் ஓவியர் கொடி விட்டிருக்கிறார். தட்டின் உட்புறம் வெறுமையாக இருக்கிறது. அங்கே ஓவியம் இல்லை. மைக்கூடு இருந்த முனையில் ஒரு கறை மட்டும் இருக்கிறது. விளக்குப் புகையும் பிசினும் சேர்ந்த கருமை, விரல்நுனி அகலம். அவசரமாகக் கோலை எடுத்த ஒரு கையிலிருந்து அது சிந்தியிருக்கலாம். அதைக் காக்க வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. அதன்மேல் யாரும் எதையும் பூசவில்லை. சிந்திய அன்று எந்த நிறமோ, அதே நிறத்தில் இருக்கிறது.